கம்பியின் கடைக்கோடியில் இருந்த ஊர்

குண்டடம் பக்கம் கரண்டு பற்றிப் பேச்செடுத்தால் வயதானவர்கள் காளையிலிருந்துதான் தொடங்குவார்கள். கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது அப்போது காங்கேயம் காளைகள்தான். கவலை ஏற்றம், தோல் பறி, வடக்கயிறு. சரிவில் இறங்கிப் பின்னோக்கியே மேடேறும் மாடுகள். வடத்தின் மேல் உட்கார்ந்து இறங்கும் ஆள். கோழி கூப்பிடும் நேரத்தில் பூட்டினால் வெயில் உறைக்கும்போது அவிழ்க்க வேண்டும். மாட்டுக்கும் மனிதனுக்கும் முடிந்த அளவுதான் கிணறு கொடுத்தது. மறுநாள் காலைக்குள் ஊற்று மறுபடி நிரம்பிவிடும்.

தாராபுரத்திலிருந்து பல்லடம் போகிற வழியில் இருக்கிறது இந்த ஊர். வடுகநாதர் கோயிலும் ஆட்டுச் சந்தையும் பேர் சொல்லும். அமராவதிப் பாசனம் கிழக்கே தாராபுரம் வழியாகவே போய்விடும், இங்கே எட்டாது. உப்பாறு அணையில் தண்ணீர் இருக்கிற ஆண்டைவிட வறண்டு கிடக்கிற ஆண்டுதான் சனங்களின் நினைவில் அதிகம். தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிட, இந்தப் பக்கம் வருவது வெறும் காற்று. அதனால் இங்கே தோட்டம் குறைவு, காடு அதிகம். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்த ஆடும் மாடும்தான் பல குடும்பங்களுக்குக் கையிருப்பு. இப்படிப்பட்ட ஊருக்குக் கரண்டு என்றால் வீட்டில் எரிகிற பல்பு அல்ல, கிணற்று மேட்டில் ஓடுகிற மோட்டார்.

பைகாராவில் 1932இல் தொடங்கிய நீர்மின்சாரம் முதலில் போனது கோயம்புத்தூர் மில்களுக்கு. முப்பதுகளில் அங்கே மில்கள் வரிசையாக எழுந்ததற்கு அந்தக் கம்பிதான் காரணம். மேட்டூர் வந்தது, பாபநாசம் வந்தது, சுதந்திரத்துக்குப் பின் குந்தா வந்தது. 1957இல் மின்வாரியம் அமைந்தபோது மாநிலம் முழுவதற்கும் இருந்த உற்பத்தித் திறன் சில நூறு மெகாவாட்தான். கம்பி மலையிலிருந்து இறங்கி, மில்லைத் தொட்டு, நகரத்தைத் தொட்டு, மிச்சமிருந்தால் கிராமத்துக்கு வரும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கொங்குக் கிணறுகளுக்கு மோட்டார் வந்த வேகம் நாட்டில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாதது. கோயம்புத்தூரிலேயே பம்பு செய்தார்கள், பக்கத்து ஊரிலேயே விற்றார்கள், ரிப்பேர் பார்க்கிறவனும் சொந்தக்காரனாகவே இருந்தான். ஆனாலும் குண்டடம் போன்ற ஊர்கள் கம்பியின் கடைக்கோடியில் இருந்தன. வரிசையில் முன்னால் இருக்கிற கிணறுகளெல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் இங்கே வோல்டேஜ் விழும். மோட்டார் முனகும், சுற்றாது, சூடாகும், கடைசியில் காயில் எரியும். தாராபுரம், பல்லடம் வட்டாரத்தில் காயில் கட்டும் கடைகள் அத்தனை பிழைத்ததற்குக் காரணம் இந்தக் குறைந்த வோல்டேஜ்தான்.

கரண்டுக்காக உயிர் கொடுத்த வட்டாரம் இது. யூனிட்டுக்கு ஓரிரு பைசா ஏற்றியதை எதிர்த்து விவசாயிகள் எழுந்தபோது, 1970 ஜூன் 19 அன்று திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தின் வீதிகளையே அடைத்தார்கள். ஓரிரு பைசாவுக்கா இத்தனை பெரிய சண்டை என்று இன்றைக்கு ஒருவர் கேட்கலாம். கவலையை விற்றுவிட்டு, காளையையும் குறைத்துக்கொண்டு, கடன் வாங்கி மோட்டார் வைத்தவனுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. கட்டணத்தை ஏற்றுகிறவர்கள் அதைத் தெரிந்தேதான் ஏற்றினார்கள் என்பது விவசாயிகளின் கோபம். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1989–91 ஆட்சிக் காலத்தில் கருணாநிதி எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கியதன் பின்னால் அந்த ரத்தம் இருக்கிறது. நாயுடு 1984 டிசம்பரில் மறைந்துவிட்டார்; முழு இலவசத்தை அவர் பார்க்கவில்லை.

இலவச மின்சாரத்தால்தான் நிலத்தடி நீர் போச்சு என்று நகரத்துக் கூட்டங்களில் சொல்வது வழக்கம். அதில் பாதி உண்மை உண்டு. கட்டணம் இல்லை, மீட்டரும் இல்லை என்றான பிறகு, மோட்டாரை நிறுத்தச் சொல்வது கிணற்றில் இருக்கிற தண்ணீர் மட்டும்தான். கிணறு வற்றியதும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்தன. முந்நூறு அடி ஐந்நூறு ஆயிற்று, ஐந்நூறு ஆயிரம் ஆயிற்று. ஆயிரம் அடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை எடுக்க ஆகும் கரண்டு, எண்பது அடிக் கிணற்றிலிருந்து எடுப்பதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். ஆகவே நிலம் கூடாமலே, பயிர் கூடாமலே, ஊரின் மின்தேவை மட்டும் கூடிக்கொண்டே போனது. மற்ற பாதி உண்மையை அதே கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை: வாய்க்காலில் தண்ணீர் பெறுகிற டெல்டா விவசாயிக்கு ஆறு செய்து கொடுக்கிற வேலையை இங்கே கரண்டு செய்கிறது. அணைக்கும் கால்வாய்க்கும் அரசு செலவழித்ததை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை.

அதற்கடுத்த பெரிய நினைவு, 2008 முதல் 2014 வரையிலான இருட்டு. 2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு நாற்பது சதவீத வெட்டு வந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பகலும் இரவுமாகப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாத நாட்கள் சாதாரணமாயின. 2011 தேர்தலில் ஆட்சி மாறியதில் மின்வெட்டுக்கும் பங்கு உண்டு என்று அப்போது எல்லாக் கட்சியிலும் ஒத்துக்கொண்டார்கள். திருப்பூர் அப்போது டீசலில் ஓடியது. நிட்டிங், காம்பாக்டிங், தையல் என்று ஒவ்வொரு ஜாப்வொர்க் கொட்டகைக்குப் பின்னாலும் ஜெனரேட்டர் உறுமியது. டீசல் யூனிட்டுக்குப் பத்து ரூபாயைத் தாண்டும். பீஸ் ரேட்டோ வெளிநாட்டு வியாபாரி முன்பே பேசி முடித்தது. நடுவில் நசுங்கியது சொந்த ஆர்டர் இல்லாத ஜாப்வொர்க்காரர்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது, மின்சாரக் கணக்கில் அதை யாரும் சேர்ப்பதில்லை. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. திறக்க வேண்டுமானால் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது. அதாவது அழுக்குத் தண்ணீரைச் சவ்வுகளில் அழுத்தி வடிகட்ட வேண்டும், மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். இரண்டுக்கும் இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். ஆற்றைச் சுத்தம் செய்ய மின்சாரத்தைச் செலவழிக்கிறோம். ஆற்றைக் காப்பாற்றியது சரியான முடிவு, சந்தேகமில்லை. ஆனால் பனியன் தொழிலின் மின்தேவை ஏறியதற்கு அதிக பனியன் தைத்தது மட்டும் காரணமல்ல, பாவத்தைக் கழுவுவதற்கும் கரண்டு ஆகிறது.

இந்த இருட்டுக் காலத்தில் குண்டடத்துக் காட்டில் நின்றிருந்தவை காத்தாடிகள். அரசு ஆவணங்களில் காற்றாலை, ஊரில் காத்தாடிதான். 1986இல் தூத்துக்குடிக் கடலோரத்தில் தொடங்கிய காற்று மின்சாரம், முப்பந்தலுக்குப் பிறகு பாலக்காட்டுக் கணவாயின் நேர்கோட்டில் இறங்கியது. உடுமலை, குடிமங்கலம், பூளவாடி, கேத்தனூர், குண்டடம். மழை தராத அதே காற்றுக்கு விலை வந்தது. ஆடி மாதம் கூரை ஓட்டைத் தூக்குகிற காற்று என்று திட்டியவர்களின் மேட்டுக் காடுகளைத் தேடி புரோக்கர்கள் வந்தார்கள்.

காத்தாடி வைத்தவர்களில் பெரும்பாலோர் மின் வியாபாரிகள் அல்ல, மில் முதலாளிகளும் பனியன் ஏற்றுமதியாளர்களும். முதல் ஆண்டிலேயே விலையின் பெரும்பகுதியைத் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைக்க முடிந்தது. குண்டடத்தில் விளையும் கரண்டை மின்வாரியக் கம்பியில் ஏற்றி, திருப்பூரிலோ கோவையிலோ இருக்கும் தங்கள் மில்லில் எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆனி, ஆடியில் அதிகம் விளைந்ததை வாரியத்திடம் வரவு வைத்துவிட்டு, மாசி, பங்குனியில் கேட்டு வாங்க முடிந்தது. மின்வெட்டுக் காலத்தில் பல மில்களை உயிரோடு வைத்திருந்தது இந்த வரவுக் கணக்குதான். வாரியத்துக்கு அது வயிற்றெரிச்சல்: காற்றுக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும் யூனிட்டை வாங்கி வைத்து, கோடையில் விலை உச்சத்தில் இருக்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் காற்று அடிக்கிற காட்டின் பழைய சொந்தக்காரருக்கு அந்தக் கணக்கில் பங்கு இல்லை. பூமியை விற்றார், பணம் வாங்கினார், அதோடு முடிந்தது. சிலருக்கு அதே காத்தாடிக்குக் காவல்காரர் வேலை கிடைத்தது.

பழைய காத்தாடிகளில் பல 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். அவை சுழல்வதற்கே கம்பியிலிருந்து ஒருவகை மின்சாரத்தை உறிஞ்சும். போதிய கன்டென்சர் வைக்காவிட்டால் சுற்றுவட்டாரத்தில் வோல்டேஜ் இறங்கும். காத்தாடி பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தோட்டத்து மோட்டார் வோல்டேஜ் இல்லாமல் முனகுவதைப் பார்த்தவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, மாநிலம் பத்து மணி நேரம் இருண்டு கிடந்த அதே ஆண்டுகளில், காற்று உச்சத்தில் அடிக்கும்போது காத்தாடிகளை நிறுத்தச் சொன்னார்கள். கரண்டு இருந்தது, கொண்டுபோகக் கம்பி இல்லை. உபரியை வடக்கே விற்கவும் போதிய வழியில்லை. தென் மாநிலக் கட்டமைப்பு நாட்டின் மற்ற கட்டமைப்போடு ஒரே துடிப்பில் இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான், ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாக. அப்படித் தனித்து இருந்ததால்தான் 2012 ஜூலை இறுதியில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குக் கட்டமைப்புகள் சரிந்து அறுபது கோடிப் பேருக்கு மேல் இருட்டில் இருந்தபோது நாம் தப்பினோம் என்பது வேறு கதை.

இன்றைக்குக் குண்டடத்தில் மணிக்கணக்கில் கரண்டு போவது அபூர்வம். வெட்டு என்ற சொல்லே குழந்தைகளுக்கு மாதாந்திரப் பராமரிப்பு நாளோடு மட்டும் ஒட்டியிருக்கிறது. இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. 2012இல் தமிழ்நாட்டின் தேவை பன்னிரண்டாயிரம் மெகாவாட்டைத் தொட்டாலே மூச்சு முட்டியது. 2024 மே 2 அன்று உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதைத் தடங்கலின்றிக் கொடுத்தார்கள். அதே மாதம் 30ஆம் தேதி நாடு முழுதும் 250 கிகாவாட்டைத் தொட்டது. 2024இல் உலக மின்தேவை 4.3 சதவீதம் கூடியதாகச் சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. ஏசி, மின்வாகனம், தரவு மையம் என்று உலகம் காரணங்களை அடுக்குகிறது. குண்டடத்துக் காரணங்கள் வேறு.

விடிகாலையில் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போன பனியன் கம்பெனி பஸ்கள் இப்போது கொஞ்ச தூரத்திலேயே திரும்பிவிடுகின்றன. நகரத்தில் ஆளும் இடமும் கிடைக்காமல் தையல் யூனிட்டுகள் ஆளைத் தேடிக் கிராமத்துக்கே வந்துவிட்டன. ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் வரிசை, அயர்ன் டேபிள், மேலே விளக்கு, பக்கத்தில் மின்விசிறி. கறிக்கோழிப் பண்ணைகளில் ஓலைக் கொட்டகை போய், நாலு பக்கமும் அடைத்து, ராட்சத விசிறியும் ஈரத் திரையும் வைத்த கூடங்கள் வருகின்றன. அதில் அரை மணி நேரம் கரண்டு நின்றால் வெயில் நாளில் கோழிகள் கூட்டமாகச் சாகும். வீட்டில் ஏசி. ஆயிரம் அடி போரில் கம்ப்ரசர். கவலை ஓட்டிய வீட்டுப் பேரன் கையில் மோட்டாரை ஓட்ட செல்ஸ்டார்ட்டர். எங்கிருந்தோ போனில் ஒரு பொத்தான், கிணற்றில் தண்ணீர்.

ஆனால் அந்தப் பேரன் பொத்தானை அழுத்துகிற நேரத்தைப் பாருங்கள். இருபத்து நாலு மணி நேர மும்முனை மின்சாரம் என்று 2021இலேயே அறிவிப்பு வந்துவிட்டது. நடப்பில் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் அது முறை வைத்து வருகிறது. நடுராத்திரி முறை யாருக்காவது விழுகிறது. முறை இல்லாத நேரத்தில் இரண்டு முனையில் கன்டென்சர் வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள்; மோட்டாருக்கும் கேடு, டிரான்ஸ்பார்மருக்கும் கேடு, சட்டப்படியும் தப்பு. “ஏனுங்க, த்ரீபேஸு எப்பங்க வரும்?” என்று லைன்மேனைக் கேட்கிற கேள்வி தாத்தா காலத்திலிருந்து மாறவில்லை. 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். இப்போது மாநிலத்தில் இருபத்து மூன்று லட்சத்துக்கும் அதிகமான விவசாய இணைப்புகள். இணைப்பு கிடைத்தது; நல்ல நேரம் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு மின்சாரத்தின் இன்றைய சிக்கல் முழுவதும் இந்த நேரம் என்பதில்தான் இருக்கிறது. அன்றைக்கு ஒரு நாளைக்குத் தேவையான யூனிட்டே போதவில்லை. இன்றைக்கு நண்பகலில் யூனிட் வழிகிறது. குண்டடம், மூலனூர், தாராபுரம் மேட்டுக் காடுகளில் கொறங்காடு இருந்த இடங்களில் சோலார் தகடுகள் விரிந்து கிடக்கின்றன. பகல் பதினொன்று முதல் மூன்று வரை அவை கொட்டுகின்றன. மின்சாரச் சந்தையில் அந்த நேரத்து யூனிட் இரண்டு, மூன்று ரூபாய்க்கு இறங்கும். பொழுது சாய்ந்ததும் சோலார் பூஜ்யம். அதே நேரத்தில்தான் வீட்டில் விளக்கும் ஏசியும், கம்பெனியில் ஓவர்டைமும். ஏழு மணிக்கு அதே சந்தையில் யூனிட் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் விதித்த உச்சவரம்பான பத்து ரூபாயை முட்டும். காற்றும் இப்படித்தான்: 2022 ஜூலை 9 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டுக் காத்தாடிகள் பன்னிரண்டு கோடி யூனிட்டுக்கு மேல் கொடுத்தன, மாசியில் அவை தூங்கும்.

இந்தச் சுமையை யார் தலையில் வைத்தார்கள்? 2014 டிசம்பருக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் கட்டணத்தையே தொடாமல் இருந்துவிட்டு, கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியபின், 2022 செப்டம்பரில் மொத்தமாக ஏற்றினார்கள். சிறு தொழில்களின் நிலைக்கட்டணம் எகிறியது. காலை ஆறரை முதல் பத்தரை, மாலை ஆறு முதல் பத்து என்று உச்ச நேரம் வகுத்து, அதுவரை பெரிய ஆலைகளுக்கு மட்டும் இருந்த கூடுதல் கட்டணத்தைத் தாழ்வழுத்தத் தொழிற்கூடங்களுக்கும் நீட்டினார்கள். விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள். 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுதும் குறு, சிறு தொழில்கள் கதவடைத்தன. பிறகு உச்ச நேரக் கட்டணம் இருபத்தைந்திலிருந்து பதினைந்து சதவீதமாகக் குறைந்தது; விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவசம் அதற்கு முன்பே ஆயிரமாகியிருந்தது. நேரத்துக்கு ஏற்ற விலை என்ற எண்ணத்தோடு எனக்குச் சண்டையில்லை. பெரிய ஆலை ஷிப்டை மாற்றிக்கொள்ளும். பத்து பவர் டேபிள் போட்டிருக்கிற யூனிட்டில் தைக்க வருகிற அம்மாவிடம், காலை ஆறரைக்கும் பத்தரைக்கும் நடுவில் வேலை செய்யாதே, மத்தியானம் வந்து சாமத்தில் போ என்று சொல்ல முடியுமா? விலை ஏறும்போது மட்டும் நேரத்தைப் பார்த்தார்கள். நண்பகலில் மலிவாகக் கிடைப்பதை மலிவாகக் கொடுக்கும் பேச்சு சிறு தொழிலின் பக்கம் வரவில்லை. கூரையில் சோலார் போட்டுக்கொண்டால் அதற்கும் நெட்வொர்க் கட்டணம் போட்டார்கள். அதைப் பாதியாகக் குறைக்கவே தனிப் போராட்டம் தேவைப்பட்டது.

இனி மின்கோபுரங்கள். முன்பு குண்டடத்துக்குக் கரண்டு கொண்டுவர வேண்டும் என்று மனு எழுதினார்கள். இப்போது குண்டடத்துக் கரண்டை வெளியே கொண்டுபோகவும், எங்கோ விளைந்த கரண்டை இந்த வழியாகக் கடத்தவும் கோபுரம் வருகிறது. காத்தாடிக் கரண்டைத் திரட்ட ஆனைக்கடவிலும் இராசிபாளையத்திலும் 400 கிலோவோல்ட் துணை மின் நிலையங்கள் எழுந்தன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை, ஆறாயிரம் மெகாவாட். அங்கிருந்து திருச்சூருக்கு இன்னொரு பாதை. 2021 பிப்ரவரியில் திருச்சூர்ப் பாதையைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நிலக்கரிக் கரண்டு தெற்கே வரும், உபரிக் காற்றுக் கரண்டு வடக்கே போகும் என்பது திட்டம். திட்டமாகப் பார்த்தால் அறிவானதுதான். 2012இல் கம்பி இல்லாமல் காத்தாடியை நிறுத்திய நாடு கம்பி போடத்தான் வேண்டும்.

போட்ட விதம்தான் விவசாயிகளைத் தெருவுக்கு இழுத்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் கொடுத்த அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு மின்பாதைகளுக்கும் நீட்டிக்கிறது. அதன்படி நிலத்தைக் கையகப்படுத்தவே வேண்டியதில்லை. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், கோபுரமும் அதன்மேல் இருக்கும். கம்பிக்குக் கீழே தென்னை வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, போர் போட ரிக் வண்டியை நிமிர்த்த முடியாது, அடமானம் கேட்டால் வங்கி மூக்கைச் சுளிக்கும். 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். உயரழுத்தக் கம்பியின் கீழே நின்று வெறும் கையில் டியூப்லைட்டைப் பிடித்து எரியவைத்துக் காட்டினார்கள். சாலையோரமாகப் புதைவடமாகக் கொண்டுபோங்கள் என்றார்கள். செலவு அதிகம் என்று பதில் வந்தது. கேரளத்தில் திருச்சூர்ப் பாதையின் ஒரு பகுதி சாலையோரமாகப் புதைவடமாகத்தான் போகிறது. அங்கே கட்டுப்படியான செலவு இங்கே ஏன் ஆகவில்லை என்பதற்கு இன்றுவரை நேர்மையான பதில் இல்லை.

இழப்பீடு படிப்படியாக ஏறியதை மறைக்கக் கூடாது. 2015 அக்டோபர் வழிகாட்டுதலில் கோபுரக் காலின் கீழுள்ள நிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் தாரைக்கு 15 சதவீதம் வரை. 2024 ஜூனில் மத்திய மின்துறை அதை இரு மடங்கு மதிப்பாகவும், தாரைக்கு 30 சதவீதமாகவும் உயர்த்தியது. உண்ணாவிரதம் கிடந்தவர்களின் உடம்புதான் அந்தச் சதவீதத்தை ஏற்றியது. ஆனாலும் இது ஒரு முறை கொடுத்துவிட்டுப் போகிற பணம். கம்பி இருக்கிற வரைக்கும் ஓடுகிற கரண்டுக்கு ஆண்டு வாடகை என்ற கோரிக்கை அப்படியே நிற்கிறது. செல்போன் கோபுரத்துக்கு மாத வாடகை கொடுக்கும் நாட்டில் மின்கோபுரத்துக்கு மட்டும் ஏன் முடியாது என்று கேட்கிறவரிடம் எனக்கு மறுப்புச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த அலையும் தொடங்கிவிட்டது. பழைய 225 கிலோவாட் காத்தாடிகளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய இயந்திரம் வைக்க 2024இல் மாநில அரசு கொள்கை அறிவித்தது. இன்றைய ஒரு காத்தாடி பழையதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் கொடுக்கும். நல்ல காற்றுள்ள மேடுகளில் சின்ன இயந்திரங்கள் குந்தியிருப்பது வீண்தான்; இதை எதிர்க்கக் காரணமில்லை. சோலார் விஷயத்தில் மட்டும் ஒரு பேச்சு உண்டு. கொறங்காடு தரிசு அல்ல. வருவாய்த் துறைக் கணக்கில் அது விளையாத பூமியாகத் தெரியலாம். மழை பொய்த்த ஆண்டில் ஆட்டையும் காங்கேயம் மாட்டையும் காத்தது அந்த வெள்வேலும் கொழுக்கட்டைப் புல்லும்தான். நூற்றுக்கணக்கான ஏக்கரில் வேலியைப் பிடுங்கித் தகடு பரப்பினால், ஆட்டுச் சந்தைக்கு ஆடு எங்கிருந்து வரும் என்ற கேள்வியைக் கேட்டுவிட்டாவது அனுமதி கொடுக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் மிஞ்சும் கரண்டை இன்னொரு நேரத்துக்குச் சேர்த்து வைப்பது புது விஷயமும் அல்ல. ஆனைமலையில் கடம்பாறை நிலையம் எண்பதுகளின் கடைசியிலிருந்தே அதைச் செய்கிறது: கரண்டு மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைக்கும், தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் கொடுக்கும். குந்தாவில் இன்னொன்றைப் பல ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரி சேமிப்புக்கு இப்போது டெண்டர்கள் போகின்றன. இவை வரட்டும், வேண்டும். ஆனால் எல்லாவற்றையும்விட மலிவான சேமிப்புக் கிடங்கு ஒன்று ஏற்கெனவே இருபத்து மூன்று லட்சம் இடங்களில் தயாராக இருக்கிறது. வீட்டு விளக்கை மத்தியானத்துக்கு மாற்ற முடியாது, தையல் யூனிட்டை மாற்ற முடியாது. கிணற்று மோட்டாரை மாற்றலாம். தண்ணீர் பகலில் ஏறினாலும் இரவில் ஏறினாலும் பயிருக்கு ஒன்றுதான்; மடை திருப்புகிறவனுக்குப் பகல்தான் வசதி, பாம்புக்கடிக்குப் பயப்பட வேண்டாம். நண்பகலில் மும்முனை கொடுத்தால் அந்நேரத்து உபரி செலவாகும், மாலை உச்சத்தில் மோட்டார்ச் சுமை குறையும், பத்து ரூபாய்க்கு வாங்குவது மிச்சமாகும். இலவசத்தில் கை வைக்காமலே வாரியத்தின் நஷ்டத்தைக் குறைக்கிற வழி இது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது.

இதற்கு விவசாயக் கம்பியை வீட்டுக் கம்பியிலிருந்து பிரிக்க வேண்டும். அதற்கும் வழி 2019இல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்திலேயே இருக்கிறது: ஊர்ப் பக்கத்திலேயே சிறு சோலார் நிலையம் வைத்து, அந்த ஊரின் விவசாயக் கம்பியை அதில் ஓட்டலாம். மகாராஷ்டிரம் இதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்கிறது. காற்றிலும் வெயிலிலும் நாட்டுக்கே முன்னோடியாக இருந்த தமிழ்நாடு இதில் பின்தங்கியிருக்க எந்தக் காரணமும் இல்லை. மின் விநியோகக் கழகத்தையும் ஒழுங்குமுறை ஆணையத்தையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். குண்டடத்துக் காட்டில் விளைகிற வெயில் கரண்டில், பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவிலான நாலு மணி நேரத்தைக் குண்டடத்துக் கிணறுகளுக்கு எழுதிக் கொடுங்கள். மிச்சத்தை எந்தக் கம்பியில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள்.